பிடி விட்ட கை

என் வீட்டுக்காரர் கபடி ஆட்டக்காரர். டி.வி.யில் வருகிற பெரிய போட்டித் தொடரில், வடக்கே ஏதோ ஒரு ஊரின் பெயரைச் சுமந்த அணிக்கு இடது மூலையில் நின்று ஆடினார். மூலையில் நிற்பவருக்குப் பெரிய வேலை ஒன்றுதான். பாடி வருகிறவனின் கணுக்கால் எட்டும்போது பாய்ந்து பிடிக்க வேண்டும். மற்றவர்கள் வந்து அமுக்கும்வரை விடக் கூடாது. அவர் ஊரான ஒரத்தநாட்டுப் பக்கம் அவருடைய பிடியை முதலை வாய் என்பார்கள். நான் வேதாரண்யத்துக்காரி. கல்யாணத்துக்கு முன்பு நான் ஒரு கபடி ஆட்டத்தைக்கூட முழுதாகப் பார்த்ததில்லை. வந்த பிறகு அவர் ஆடுகிற ஆட்டங்களை எல்லாம் கைவிரல்களை மடக்கிக்கொண்டே பார்ப்பேன், நானே பிடிக்கப்போவதுபோல.

அந்த ஆட்டத்தையும் அப்படித்தான் பார்த்தேன். எங்கள் கூடத்தில் அக்கம்பக்கத்துச் சனம் நிறைந்திருந்தது. கடைசி நிமிடம். இரண்டு அணியும் சமப் புள்ளியில் இருந்தன. எதிரணி ஆள் பாடிக்கொண்டு வந்தான். அவன் திரும்புகிற நேரம் பார்த்து இவர் பாய்ந்தார், கணுக்கால் கைக்குள் வந்தது. கூடத்தில் பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். அப்புறம் அந்தக் கை திறந்தது. அவன் உருவிக்கொண்டு கோட்டைத் தாண்டினான். ஆட்டம் போயிற்று.

"கைல வந்தத விட்டுட்டானே" என்று பக்கத்து வீட்டுக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். அன்றைக்கு அவ்வளவுதான் பேச்சு. தோற்பது புதிதா என்ன.

மறுநாள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் நான் வேலையில் இருந்தேன். கூட வேலை பார்க்கிற பெண் தன் போனைக் கொண்டுவந்து என் காதருகே பிடித்தாள். வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருந்த ஒரு குரல் பதிவு.

"டேய், இன்னைக்கு எங்க தம்பி டீம் தோக்கும்டா. கண்ண மூடிக்கிட்டு எதிர்ல போடு. உள்ள இருந்து வந்த சேதி."

குரல் யாருடையது என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது. அவருடைய பெரியப்பா மகன். பேராவூரணியில் தேங்காய் வியாபாரம். புயல் தோப்புகளைச் சாய்த்த பிறகு வியாபாரம் படுத்துவிட்டது. மனிதர் போனில் பந்தயம் கட்டப் பழகியிருந்தார். எங்கள் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவர் அவர்தான். நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன்.

"இது உங்க வீட்டுக்காரர் ஆடின மேட்ச்தானேக்கா?" என்று அந்தப் பெண் கேட்டாள். கெட்ட எண்ணம் இல்லாமல்தான் கேட்டாள். நான் அடுத்த ஆளுக்கு ரத்தம் எடுக்கப் போனேன். நரம்பு கிடைக்காமல் அந்த மனிதரை இரண்டு முறை குத்திவிட்டேன்.

அந்த வாரமே என் வீட்டுக்காரரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். போட்டி நடத்துகிறவர்கள் அவருடைய போனை வாங்கி வைத்துக்கொண்டார்களாம். ஆட்டத்தன்று காலையில் பெரியப்பா மகனும் இவரும் பேசியிருந்தது அதில் இருந்தது. விசாரணை முடியும்வரை ஆடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பையை வலது தோளில் மாட்டிக்கொண்டு, இடது கையைச் சட்டைக்குள் மடக்கி வைத்தபடி பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து வந்தார். வழியில் டீக்கடையில் யாரும் கூப்பிடவில்லை. அவரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

என் மாமியார் சோற்றைப் போட்டு முன்னால் வைத்தார். இவர் வாயில் வைக்கப் போகும்போது மாமியார் கேட்டார்.

"நீ வாங்கினியாடா?"

"இல்லம்மா."

"என் முகத்தப் பாத்துச் சொல்லு."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "இல்லம்மா."

"சரி, தின்னு" என்று குழம்பை ஊற்றினார். அதற்குப் பிறகு ஒருநாள்கூட அதைப்பற்றி அவர் கேட்கவில்லை. நேராகக் கேட்டவர் ஊரிலேயே அவர் ஒருவர்தான். மற்ற எல்லோரும் கேட்காமலே தெரிந்துகொண்டார்கள்.

சட்டையைக் கழற்ற அவர் படுகிற பாட்டைப் பார்த்துத்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது. இடது கை மார்புக்கு மேல் ஏறவில்லை. நான் தொட்டதும் துடித்துப்போனார். கதவைச் சாத்திவிட்டு உட்காரவைத்தேன்.

"எத்தன நாளா இப்படி இருக்கு?"

"சீசன் ஆரம்பத்துலயே தோள் எறங்கிருச்சு. டீம் டாக்டர் ஒவ்வொரு மேட்சுக்கும் வலி ஊசி போட்டுத்தான் எறக்குவாரு. வெளிய சொன்னா எதிர் டீம்காரன் அந்தப் பக்கமே வந்து அடிப்பான், சொல்லாதன்னாங்க."

"அன்னைக்கு?"

"அன்னைக்கு ஊசி வேலை செய்யல. கால் கைக்குள்ள வந்துச்சு. அவன் இழுத்தான். தோள்ல ஏதோ கழண்டுச்சு. விரல் எல்லாம் மரத்துப்போச்சு. நான் விடல, கை விட்டுருச்சு."

"அத அவங்ககிட்ட சொல்ல வேண்டியதுதானங்க?"

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "காலைல அண்ணன் போன் பண்ணிச்சு. எப்படிடா இருக்கன்னு கேட்டுச்சு. கை ரொம்ப வலிக்குதுண்ணே, இன்னைக்கு என்னால முடியாதுன்னு சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன்."

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. விளங்கியபோது கதவு சாத்தியிருக்கிறதா என்று மறுபடி பார்த்தேன். தோள்பட்டை விஷயத்தைச் சொன்னால் அவர் வேண்டுமென்றே விடவில்லை என்று ஆகும். ஆனால் அதே வாயால், அணியின் ரகசியத்தைப் பந்தயம் கட்டுகிறவரிடம் சொன்னதும் ஒப்புக்கொண்டதாக ஆகும். உள்ளே இருந்து வந்த சேதி என்று பெரியப்பா மகன் சொன்னது பொய்யே இல்லை. அண்ணனிடம் தம்பி கை வலிக்கிறது என்று சொன்னதுதான் அந்தச் சேதி.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் பேராவூரணிக்குப் பஸ் ஏறினேன். அவரிடம் சொல்லவில்லை. மாமியாரிடம் மட்டும் சொன்னேன். "போயிட்டு வா, ஆனா அங்க தண்ணிகூட வாங்கிக் குடிக்காத" என்றார்.

பெரியப்பா மகன் வீட்டு வாசலில் உரித்த தேங்காய் மட்டைகளுக்கு நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். ஆள் பாதியாகியிருந்தார்.

"உக்காரும்மா."

"உக்கார வரல மாமா. அவரு உங்ககிட்ட என்ன சொன்னாரு? என் முன்னாடி சொல்லுங்க."

"கை வலிக்குதுன்னான்."

"தோக்கப்போறோம்னு சொன்னாரா?"

"இல்ல."

"பந்தயம் கட்டுங்கன்னு சொன்னாரா?"

"அவனுக்கு நான் கட்றதே தெரியாதும்மா. கை வலின்னதும் நானாத்தான் கணக்குப் போட்டேன். நாலு பேருகிட்ட பெரிய மனுஷனாக் காட்டிக்கணும்னு பேசிட்டேன். அவனுங்க அத ஊரெல்லாம் அனுப்புவானுங்கன்னு நெனக்கல."

"இப்ப சொன்னத அப்படியே மெட்ராஸ்ல விசாரணைக்கு வந்து சொல்லுங்க மாமா. உங்க தம்பி தலை தப்பிச்சிரும்."

அவர் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார். உள்ளேயிருந்து அவர் மனைவி கதவோரம் வந்து நின்றதைப் பார்த்தேன்.

"சொன்னா என்னைய பிடிச்சுருவாங்கம்மா. எனக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைங்க."

"அவருக்கும் நான் ஒருத்தி இருக்கேன்ல?"

அவர் தரையில் கிடந்த ஒரு நாரை எடுத்துத் திரித்துக்கொண்டே இருந்தார். நான் திரும்பி நடந்தேன். கதவோரம் நின்றவர் தெருமுனைவரை என் பின்னாலேயே வந்தார். "எங்களக் கெடுத்துராத தங்கச்சி" என்று கையைப் பிடித்துக்கொண்டார். அன்று மாலையிலிருந்து பெரியப்பா மகனின் போன் அணைந்துவிட்டது.

விசாரணைக்குச் சென்னைக்குக் கூப்பிட்டபோது நானும் கூடப் போனேன். ரயிலில் போகும்போது, "எல்லாத்தையும் சொல்லிடப்போறேன்" என்றார். நல்லதுதான் என்றேன். தஞ்சாவூரில் எடுத்த ஸ்கேனை என் பைக்குள் வைத்திருந்தேன். தோள் மூட்டைப் பிடித்துவைக்கிற ஜவ்வு கிழிந்திருப்பதாக டாக்டர் சொல்லியிருந்தார். பழைய கிழிசல், ஊசி போட்டு ஆட ஆடப் பெரிதாகியிருக்கிறது என்றார். ஆதாரம் கையில் இருக்கிறது, இனி என்ன என்று நான் நம்பினேன்.

ஒரு ஹோட்டல் அறையில் நடந்தது. என்னை வெளியே நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். கதவு சரியாகச் சாத்தவில்லை. அந்தக் கடைசி நிமிடத்தின் வர்ணனை மறுபடி மறுபடி கேட்டது. ஓடும், நிற்கும், பின்னால் போகும், மறுபடி ஓடும். கூட்டம் ஆர்ப்பரிக்கும், அறுந்து நிற்கும். தமிழ் தெரிந்த ஒருவர், "இங்க விரல் தானா விரியுது பாருங்க. ஏன்?" என்று கேட்டார். இவர் சொன்னது எனக்குக் கேட்கவில்லை.

இவர் வெளியே வந்து சொன்னார். அணியின் டாக்டரும் உள்ளே இருந்திருக்கிறார். ஊசி போட்டதே இல்லை என்று சொல்லிவிட்டார். "வலி இல்லன்னு ஒவ்வொரு தடவையும் நீங்கதானே சொன்னீங்க" என்று இவரைப் பார்த்தே கேட்டாராம்.

"ஸ்கேன காட்டுனீங்களா?"

"காட்டினேன். இது அந்த மேட்ச்லதான் கிழிஞ்சதுன்னு எப்படித் தெரியும்னு கேட்டாங்க."

முடிவைப் பிறகு போனில் சொன்னார்கள். வேண்டுமென்றே தோற்றதாக நிரூபணமாகவில்லை. ஆனால் உள் விஷயத்தை வெளியே சொன்னது குற்றம், அதனால் தடை. அவர் இரண்டாவதை மட்டும் செய்தார், அதுவும் செய்கிறோம் என்று தெரியாமல். மறுநாள் பேப்பரில் 'சூதாட்டப் புகார்: கபடி வீரருக்குத் தடை' என்று தலைப்புப் போட்டு, அவர் சிரிக்கிற பழைய படத்தைப் போட்டிருந்தார்கள். கீழே சின்ன எழுத்தில் இருந்ததை எங்கள் ஊரில் யாரும் படித்ததாகத் தெரியவில்லை. தெருமுக்கில் அவர் படம் போட்டிருந்த பேனரைக் கிழித்து, யாரோ நெல் மூட்டைமேல் போர்த்தியிருந்தார்கள். மழைக்காலம், அதற்காவது ஆயிற்று.

அந்த வருடக் கோயில் திருவிழாவிலும் வழக்கம்போல் கபடிப் போட்டி வைத்தார்கள். முந்தின வருடங்களில் அவரை மேளத்தோடு வந்து அழைத்துப்போய், மாலை போட்டு ஆட்டத்தைத் தொடங்கிவைக்கச் சொல்வார்கள். அன்று யாரும் வரவில்லை. அவரே வேட்டி கட்டிக்கொண்டு, "சும்மா பாத்துட்டு வரலாம் வா" என்றார். நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். வெளியே வருகிறாரே என்ற சந்தோஷத்தில் கூடப் போனேன்.

கயிற்றுக்குப் பின்னால் கடைசியில்தான் நின்றோம். மைக் வைத்திருந்தவர் எப்படியோ பார்த்துவிட்டார்.

"ஆட்டக்காரங்க கவனத்துக்கு! அவங்கவங்க போன கமிட்டிகிட்ட ஒப்படைச்சிருங்கப்பா. மேட்ச் முடியிறவரைக்கும் யாரும் அண்ணன்மாருக்கு போன் போடக் கூடாது!"

முதலில் புரிந்தவர்கள் சிரித்தார்கள். பிறகு திரும்பிப் பார்த்தவர்கள் சிரித்தார்கள். பின்னாலிருந்து ஒருவன், "முதல எவ்வளவுப்பா வாங்குச்சு?" என்று கத்தினான். அவரோடு சேர்ந்து வயல் வரப்பில் கபடி பழகினவர்கள் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். அவர்கள் சிரிக்கவில்லை என்பதை நான் சொல்லத்தான் வேண்டும். சும்மா இருந்தார்கள்.

அவர் என் தோளைத் தொட்டுப் போகலாம் என்று காட்டினார். வீட்டுக்கு வந்து கை கால் கழுவினார். கொல்லையில் மாட்டுக்கு வைக்கோல் பிடுங்கிப் போட்டார், ஒற்றைக் கையால், வேண்டிய அளவுக்கு மேலேயே. மாமியார் என்னை என்ன என்று கண்ணால் கேட்டார். நான் தலையசைத்தேன். அவர் விளக்கை ஏற்றப் போனார்.

பிறகு தோளுக்கு ஆபரேஷன் செய்தோம். கை தலைக்கு மேல் ஏறாது, ஆனால் மண்வெட்டி பிடிக்க முடியும். இப்போது குத்தகைக்கு எடுத்த நிலத்தையும் சேர்த்து அவரே பார்த்துக்கொள்கிறார். வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் முதலில் வயலுக்குப் போகிறவர் அவர்தான். தடைக்காலம் முடிந்தது. எந்த அணியும் கூப்பிடவில்லை. அவரும் யாருக்கும் போன் செய்யவில்லை. பெரியப்பா மகன் ஒருமுறை வாசல்வரை வந்து நின்றார். மாமியார் உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நின்று பார்த்துவிட்டு அவராகவே போய்விட்டார்.

கபடி மட்டும் வீட்டில் நிற்கவில்லை. தொடர் தொடங்கினால் அவர் டி.வி. முன்னால் உட்கார்ந்துவிடுவார். பார்த்தால் மனசு ஆறும் என்று நானும் விட்டுவிட்டேன். போன மாதம் ஒரு ஆட்டம். இடது மூலையில் சின்ன வயதுக்காரன் ஒருவன். நல்ல பாய்ச்சல், கணுக்கால் கைக்குள் வந்தது. எதிராளி திமிறினான். பிடி நழுவிப்போயிற்று. அந்தப் பையன் எழுந்து தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"காசு வாங்கிட்டான்" என்றார் அவர்.

கீரை ஆய்ந்துகொண்டிருந்த மாமியாரின் கை அப்படியே நின்றது.

"வேர்வையில வழுக்கியிருக்கும்ங்க" என்றேன்.

"உனக்கு என்ன தெரியும்? அவன் விரலப் பாரு. தானா விரியுது."

அதே காட்சியை மெதுவாக மறுபடி போட்டார்கள். அவர் முன்னால் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.