நூற்று நாற்பது படங்களும் ஒரு நிபந்தனையும்

1. ஒரே சொல்லில் பதில்

இரண்டாயிரத்தை ஒட்டிய வருடங்களில், பள்ளிகளுக்கான அறிவியல் சி.டி. ஒன்றை மதுரையில் ஐந்து பேர் சேர்ந்து தயாரித்துக்கொண்டிருந்தோம். என் பதவி ‘கன்டென்ட் ஹெட்’. எனக்குக் கீழே யாரும் கிடையாது.

சி.டி.யைக் கேட்டது ஒரு கல்வி அறக்கட்டளை. அங்கிருந்து வந்த ஆய்வு அலுவலர் அம்மாள் என் படப் பட்டியலைப் பார்த்தார். நூற்று நாற்பது படங்கள். ‘எங்கிருந்து எடுத்தது’ என்ற கட்டத்தில், முதல் வரியில் ‘இண்டர்நெட்’ என்று எழுதி, மற்ற நூற்று முப்பத்தொன்பதுக்கும் மேற்படி குறி போட்டிருந்தேன். ஸ்கேல் வைத்து, அழகாக.

“சார், இண்டர்நெட் எந்த ஊர்க்காரர்? கையெழுத்து வாங்கினீங்களா?”

“எல்லாரும் அதுலதான் மேடம் எடுக்குறாங்க.”

“இது பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமா போகுது. வாத்தியார் காப்பி போடுவார், பிள்ளைங்க காப்பி போடும். படத்துக்குப் படம், சத்தத்துக்குச் சத்தம், யார் அனுமதி குடுத்தாங்கன்னு பேப்பர் வேணும். பத்து நாள் டைம். இல்லைன்னா வேலை சென்னைக் கம்பெனிக்குப் போயிரும்.”

எங்கள் முதலாளி குபேந்திரன் சௌராஷ்டிரர். கோபம் வந்தால் வீட்டுக்குப் போன் போட்டு, எங்களுக்குப் புரியாத அவர்கள் மொழியில் தீர்த்துக்கொள்வார். அன்று பேசியதில் என் பெயர் நான்கு முறை வந்தது. வைத்துவிட்டுத் தமிழுக்கு வந்தார்.

“பட்டியல் நீங்க போட்டது. பத்து நாளையும் நீங்களே வச்சுக்கங்க. இது போச்சுன்னா ஆபீஸைப் பூட்டணும், அம்புட்டுதேன்.”

2. யாரும் படிக்காத வரிகள்

இணையதளங்களின் அடியில் பொடி எழுத்தில் சில வரிகள் இருக்கும். வாழ்க்கையில் முதல்முறையாக அவற்றைப் படித்தேன். ‘இலவசம்’ என்று மேலே கூவிய தளங்கள், ‘சொந்த உபயோகத்துக்கு மட்டும்’ என்று கீழே முணுமுணுத்தன. பார்க்க விடுவதும், எடுத்துப் பிறருக்குக் கொடுக்க விடுவதும் வேறு வேறு என்பது நாற்பத்தொரு வயதில்தான் உறைத்தது.

நல்ல வரிகளும் இருந்தன. நிலா, கோள்கள் படங்களை யாரும் பயன்படுத்தலாம் என்று ஒரு வெளிநாட்டு அரசுத் துறை எழுதியே வைத்திருந்தது. காப்புரிமைக் காலம் முடிந்த பழைய தாவரவியல் நூல் ஒரு கல்லூரி நூலகத்தில் கிடைத்தது. அதன் கோட்டுப்படங்களை ஸ்கேன் செய்தோம். எண்பது படங்கள் தேறின. மீதி அறுபதையும் நாமே எடுப்பது என்று முடிவானது. எங்களில் அனிமேஷன் வேலை பார்த்த ஜெயந்தி, கேமராவும் ரெக்கார்டருமாகக் கிளம்பினார். நான் படிவத்தோடு கிளம்பினேன். ‘இதன்கீழ் ஒப்பமிடும் நபராகிய’ என்று தொடங்கும், இரண்டு பக்கம் ஓடும் என் சொந்தப் படைப்பு அது.

உராய்வுப் பாடத்துக்காகக் கப்பலூர் லேத் பட்டறையில் படம் எடுத்தோம். பட்டறைக்காரர் படிவத்தைப் புரட்டினார்.

“இதுல என் மூஞ்சி வருதாண்ணே?”

“இல்ல, லேத் மட்டும்தான்.”

“அப்ப லேத்துகிட்டயே வாங்கிக்கங்க.”

கையெழுத்து கிடைக்கவில்லை.

3. எழுமலையில் எழுதிய மூன்று வரி

ஒலிப் பாடத்துக்கு ஒரு குரல் வேண்டியிருந்தது. எழுமலையில் ஆடு வளர்க்கும் செல்லத்தாய் கூப்பிட்டால் காடு தாண்டிக் கேட்கும் என்றார்கள். கூப்பிட்டார். ஆடுகள் அத்தனையும் ஓடி வந்தன. ஜெயந்தி பதிவு செய்துகொண்டார். நான் படிவத்தை வாசிக்கத் தொடங்கினேன். இரண்டாம் பத்திக்குள் ஆடுகள் கலைந்துவிட்டன.

“என்னண்ணே, காட்டை எழுதி வாங்குறீகளா? வாயால சொல்லுங்க.”

“உங்க சத்தத்தைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக கேக்கும். வாத்தியாரு இன்னொரு வாத்தியாருக்குக் குடுப்பாரு. அவரு இன்னொருத்தருக்கு.”

“குடுக்கட்டும். ஆரு போட்டாலும் எம்பேரு வரணும். வேற எவளும் தன் சத்தமுன்னு சொல்லிறக் கூடாது.”

“வேற ஏதும்?”

“அம்புட்டுதேன். அதை எழுதுங்க, போடுறேன்.”

படிவத்தின் பின்பக்கத்தில் எழுதினேன்: ‘என் குரலை யாரும் பயன்படுத்தலாம். பிறருக்கும் கொடுக்கலாம். கொடுக்கும் இடமெல்லாம் என் பெயரைச் சொல்ல வேண்டும்.’ செல்லத்தாய் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுக் கையெழுத்திட்டார்.

மறுநாள் அதே மூன்று வரியோடு, ‘குரல்’ இருந்த இடத்தில் ‘படம்’ என்று மாற்றி, கப்பலூருக்குத் திரும்பினேன். “பட்டறை பேரு வருமா? இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?” என்று பட்டறைக்காரர் சீல் வேறு வைத்துக் கொடுத்தார்.

4. பத்தாம் நாள்

அலுவலர் அம்மாள் கோப்பைப் பிரித்ததும் செல்லத்தாயின் தாளில் நின்றுவிட்டார். இரண்டு முறை படித்தார்.

“எந்த வக்கீல் எழுதினது?”

“வாசகம் எழுமலையில சொன்னது மேடம். அவங்க ஆடு வளர்க்குறாங்க. நான் எழுதின கை மட்டும்தான்.”

அவர் சிரிக்கவில்லை. “ஒரு காப்பி குடுங்க. சென்னைக் கம்பெனியும் இனிமே இப்படித்தான் வாங்கணும்” என்றார்.

குபேந்திரன் வீட்டுக்குப் போன் போட்டார். என் பெயர் இரண்டு முறை வந்தது. இந்த முறை சிரித்துக்கொண்டே சொன்னார்.

பின்னாளில், வெளிநாட்டார் எழுதிய திறந்த உரிமங்களை நிறுத்திப் படித்தேன். எடுத்துக்கொள், கொடு, பெயரைச் சொல் என்றது அவற்றில் ஒன்று. பக்கம் பக்கமாகச் சொல்லியிருந்தார்கள். நாங்கள் ஒரு தாளின் பின்பக்கத்தில் முடித்திருந்தோம். இந்த விஷயத்தில் எனக்கு அடக்கம் வராது.

சி.டி. வந்ததும் எழுமலைப் பள்ளியில் போட்டுக் காட்டினோம். செல்லத்தாயின் குரல் ஒலித்ததும் பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். அவர் அசையவில்லை. பாடம் முடிந்து எழுந்தவர்களை, “உக்காருங்கடா, இன்னும் முடியல” என்று அதட்டினார். கடைசியில் பெயர்கள் ஓடின. தன் பெயர் மேலேறி மறையும்வரை பார்த்துவிட்டுத்தான் எழுந்தார்.

இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கேட்டு வாங்குங்கள், கொடுத்தவர் பெயரை எழுதுங்கள். அதைப் பார்க்க ஒருவர் உட்கார்ந்திருப்பார்.