நான் முருகனுக்குக் கொடுத்த கம்பி

முருகனுக்கு அந்த நேர்த்திக்கடனை நான் வைத்தது ஆஸ்பத்திரியின் கோப்பி மெசினுக்கு முன்னால். கிழக்கு எது, மேற்கு எது என்று தெரியாத நடைக்கூடம். வெளிச்சத்தோடு நின்றது அந்த மெசின் ஒன்றுதான். அதைப் பார்த்துக் கையெடுத்தேன். மகள் எழும்பி நடந்தால் போதும், இனி அவளை அந்தக் கம்பியில் ஏற விடமாட்டேன், இது சத்தியம் என்று சொன்னேன். பின்னால் கோப்பிக்காக நின்ற தாதி ஒருவர் நான் முடிக்கும் வரை பொறுத்திருந்து, பிறகு பிரெஞ்சில் "மெர்சி", நன்றி என்று மெல்லச் சொல்லிக்கொண்டு பொத்தானை அழுத்தினார்.

மகள் அப்போது கல்லூரியின் பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ் அணியில் இரண்டாம் வருடம். உயரமாக ஒன்றும் தாழ்வாக ஒன்றும் நிற்கும் இரட்டைக் கம்பிகள்தான் அவளுடைய பலம். உயரக் கம்பியில் சுழன்று, கையை விட்டு, காற்றில் உடம்பைத் திருப்பி, மறுபடியும் அதே கம்பியைப் பிடிப்பாள். பிடிப்பாள் என்று மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்து அவளைப் பயிற்சிக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவந்தவன் நான். ஆனால் அவள் கையை விடுகிற நேரம் என் கண் தானாக மூடிக்கொள்ளும். சனம் கைதட்டினால் திறப்பேன். அணிப் பிள்ளைகள் எனக்குப் பிரெஞ்சில் ஒரு பட்டமே வைத்திருந்தார்கள். மகள் அதை எனக்கு மொழிபெயர்த்தது 'கண்மூடி அப்பா' என்று.

அவள் விழுந்த அன்று மட்டும் நான் பார்த்தேன். அது போட்டியும் அல்ல, சாதாரணப் பயிற்சி. லொங்குய்யில் நான் வேலை செய்யும் கந்தோர் கொஞ்சம் முந்தி விட்டதால் மெட்ரோ பிடித்து நேரே வந்து, பெற்றோருக்கென்று கண்ணாடிக்கு இந்தப் பக்கம் போட்டிருக்கும் வாங்கில் இருந்தேன். குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டினேன். நிமிர்ந்தபோது அவள் காற்றில் இருந்தாள். கண்ணை மூட நேரம் கிடைக்கவில்லை. விரல் நுனி கம்பியில் பட்டு நழுவியதைக் கண்டேன். பிறகு மெத்தையில் ஒரு சத்தம். பெரிய சத்தம் அல்ல. நனைந்த கம்பளிக் கோட்டை நிலத்தில் போட்டதுபோல ஒன்று. இன்றைக்கும் கந்தோரில் யாராவது அலுமாரிக் கதவைச் சாத்தினால் என் தோள் இரண்டும் காதுவரை ஏறிவிடும்.

நான் ஓடிப்போய்ப் பக்கத்தில் முழங்காலிட்டபோது அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு மிகவும் அமைதியாகச் சொன்னாள்.

"அப்பா, எனக்குக் கால் தெரியேல்லை."

முள்ளந்தண்டு முறியவில்லை, அதிர்ந்திருக்கிறது, அவ்வளவுதான் என்று ஆஸ்பத்திரியில் பிறகு சொன்னார்கள். ஆனால் அந்தப் 'பிறகு' வருவதற்குள் நான் கோப்பி மெசினிடம் போய்விட்டேன். பின்னேரம் ஒரு வைத்தியர் ஊசி முனையால் அவளுடைய கால் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டு, எது என்று கேட்டார். முதலில் பதில் இல்லை. பிறகு ஒன்று. பிறகு இன்னொன்று. சின்ன விரலில் குத்தியபோது அவள் 'ஆ' என்றாள். என் மனைவி அந்த வைத்தியரின் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

நேர்த்தியைப் பற்றி மனைவியிடம் மட்டும் சொன்னேன். அவள் வேறொரு ஆஸ்பத்திரியின் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்பவள். எதையும் இரண்டு தரம் சரிபார்ப்பாள். இதையும் இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

"உங்களுக்கு வேறை ஒண்டும் வாயிலை வரேல்லையோ? மொட்டை அடிக்கிறன் எண்டு சொல்லியிருக்கலாமே."

"அதுக்குத் தலையிலை ஏதும் இருக்கோணுமே."

விபத்துக்குப் பிறகு அவள் சிரித்ததை அன்றைக்குத்தான் கண்டேன்.

குளிர்காலம் முழுவதும் மகள் கோட்-டெ-நெய்ஜில் எங்கள் தொடர்மாடி வீட்டின் சோபாவில் கழுத்துப்பட்டியோடு கிடந்து பாடம் படித்தாள். பட்டி கழன்றது. நடந்தாள். பிறகு ஓடினாள். வைத்தியர்கள் படமெடுத்துப் பார்த்து, பயிற்சி செய்யலாம், கம்பியும் ஏறலாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். பனி இளகுகிற நேரம் அவர்களுடைய பிரிவுக் கல்லூரிகளுக்கான சாம்பியன்ஷிப் வரும். அணியில் கம்பிக்கு ஆள் குறைவு. அவள் இறங்காவிட்டால் முதலாம் வருடப் பிள்ளை ஒன்றைத்தான் ஏற்றவேண்டும். அந்தப் பிள்ளைக்கு இன்னும் கால் நடுங்கும் என்றாள் மகள்.

நான் சாக்குப்போக்கு எல்லாம் சொன்னேன். சோதனை வருகிறது என்றேன். வழியில் பனி வழுக்கும் என்றேன். அடுத்த வருடமும் சாம்பியன்ஷிப் வரும்தானே என்றேன். காப்புறுதிக் கம்பனி ஒன்றில் ஆபத்தைக் கணக்கிடுவது என் தொழில். ஒரு மனிதன் விழுவதற்கு எவ்வளவு சாத்தியம் என்று கண்ணை மூடாமல் எழுதிக் கொடுப்பேன். நேர்த்தியை மீறினால் என்ன ஆகும் என்று கணக்கிட எனக்கு ஒரு அட்டவணையும் இல்லை. நம்புகிறேனா என்று கேட்டால் நேராகப் பதில் சொல்லத் தெரியாது. ஆனால் கால் திரும்பி வந்தது. கேட்டேன், தரப்பட்டது. இப்போது நான் கொடுக்கவேண்டியதைக் கொடுக்காமல் இருக்கத் துணிவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குசினி மேசையில் நான் மகளிடம் பனியைப் பற்றித் திரும்பவும் தொடங்கியபோது மனைவி சோற்றுக் கரண்டியை வைத்துவிட்டு, உள்ளதைச் சொல்லுங்கோவன் என்றாள். நான் பனிக்கே திரும்பினேன். நேர்த்தியைப் பற்றி அவளே மகளிடம் சொல்லிவிட்டாள்.

மகள் கோபப்படவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஆஸ்பத்திரியில் எந்த இடத்தில் நின்று சொன்னேன் என்று விசாரித்தாள். கோப்பி மெசின் என்றதும் சிரிப்பை அடக்கியதில் வாய் ஒரு பக்கம் துடித்தது. பிறகு சொன்னாள்.

"அப்பா, அது என்ர கம்பி. அதை நீங்கள் என்னெண்டு குடுப்பியள்? உங்கட ஏதாவது ஒண்டைக் குடுத்திருக்கலாமே."

நான் மேசையில் சிந்திய சோற்றைப் பொறுக்கினேன்.

"நீங்கள் வேண்டாமெண்டாலும் நான் ஏறுவன். ஆனா நீங்கள் உந்த முகத்தோடை அங்கை வந்து இருந்தியளெண்டால் எனக்குக் கை வழுக்கும்."

அடுத்த நாள் இங்குள்ள முருகன் கோயில் ஐயருக்குத் தொலைபேசி எடுத்தேன். முதலில் பிள்ளை நடக்கிறாளா என்று கேட்டார். பிறகு, இன்னொருவருக்காக வைத்த நேர்த்தியை வைத்தவர் தன் உடம்பில் வாங்கிக்கொள்ளலாம், சாம்பியன்ஷிப்புக்கு முந்திய வெள்ளிக்கிழமை வந்து உள்வீதியில் ஒரு பிரதட்டை செய்யுங்கோ என்றார். ஈர வேட்டியோடு நிலத்தில் உருண்டு கோயிலைச் சுற்றுவது. மண்டபத்தில் சூடு போட்டிருக்கிறது, குளிராது என்று ஆறுதலும் சொன்னார். கடைசியாக, "முதுகு எப்பிடி உங்களுக்கு?" என்று கேட்டார். பரவாயில்லை என்று பொய் சொன்னேன்.

அன்று பின்னேரம் முன்னறைக் கம்பளத்தில் ஒத்திகை பார்த்தேன். தலைக்கு மேல் கை கூப்பிக்கொண்டு உருண்டேன். உடனேயே தொலைக்காட்சி மேசையில் இடித்தேன். மறுபக்கம் உருண்டு சோபாவுக்கு அடியில் ஒரு கை மாட்டிக்கொண்டது. மனைவி குசினி வாசலில் நின்று கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். மகள் அறையிலிருந்து வந்து, மேலேயிருந்து என்னைப் பார்த்தாள். சின்னப் பிள்ளைகளுக்கு ஜிம்மில் முதல்நாள் சொல்லிக் கொடுப்பதே இதுதான் அப்பா, மரக்குற்றி உருளல் என்று பெயர், நீங்கள் அதைக்கூடப் பிழையாகச் செய்கிறீர்கள் என்றாள்.

சனிக்கிழமை என்னையும் பயிற்சிக்குக் கூட்டிப்போனாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், அவள் விழுந்த அன்றைக்குப் பிறகு முதல்முறையாக, காலுறையோடு நின்றேன். கை வழுக்காமல் பூசும் வெண்தூளின் வாசனை மூக்கில் ஏறியது. அணியின் கடைசிக்கட்டத் தயாரிப்பு நடந்துகொண்டிருந்தது. ஒரு பிள்ளை ஒடுங்கிய மரச் சட்டத்தின்மேல் நடக்க, மற்றவர்கள் வேண்டுமென்றே கத்திக் குழப்பினார்கள். போட்டியன்று சனம் கத்தும்போது பழகியிருக்க வேண்டுமாம். ஒருத்தி கடினமான ஒன்றைச் சரியாக முடித்தால் சுற்றியிருப்பவர்கள் குனிந்து உள்ளங்கையால் மெத்தையில் ஓங்கி அறைவார்கள். அது அவர்களுடைய கைதட்டல்.

பயிற்சியாளர் சிரிக்கத் தெரியாதவர் என்று நான் பல வருடமாக நினைத்திருந்த பெண்மணி. மகள் வேகமான பிரெஞ்சில் ஏதோ விளக்கினாள். கடவுள், அப்பா, கம்பி என்ற சொற்கள் எனக்குப் பிடிபட்டன. அந்த அம்மா தலையை ஆட்டிவிட்டு, மெத்தையின் ஓரத்தைக் காட்டி என்னைப் படுக்கச் சொன்னார். தோளையும் பின்பக்கத்தையும் இறுக்கச் சொன்னார். இறுக்கினேன். உருண்டேன். நேராகப் போவதாகத்தான் நினைத்தேன். தலையைத் தூக்கிப் பார்த்தால் மெத்தையின் எதிர் மூலையில், வெண்தூள் சட்டிக்குப் பக்கத்தில் கிடந்தேன்.

"கண்ணை மூடுறியள்," என்றாள் மகள். "அதுதான் வளைஞ்சு போறியள். திறந்து வைச்சுக்கொண்டு உருளுங்கோ."

"தலை சுத்துமெல்லோ."

"சுத்தட்டும். பழகும்."

கண் திறந்தபடி உருண்டேன். கூரை, மெத்தை, கூரை, மெத்தை. ஒவ்வொரு தரமும் கூரை வரும்போது அவளுடைய முகமும் வந்து போனது. மெத்தை முடிகிற இடத்தில் நேராகப் போய் நின்றபோது சுற்றிலும் படபடவென்று அறை விழுந்தது. முதலாம் வருடப் பிள்ளையும் குனிந்து அறைந்துகொண்டிருந்தாள்.

அன்றைக்கு மகள் கம்பியிலும் ஏறினாள். விழுந்த பிறகு அந்தக் கைவிட்டுப் பிடிக்கும் வித்தையை அவள் செய்தது அதுதான் முதல்தடவை என்று பிறகு அறிந்தேன். நான் அப்போது தலை சுற்றலோடு கழிவறையில் நின்றேன். வந்து கேட்டபோது, பிடித்தேன் என்று மட்டும் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை கோயிலுக்கு மகளோடு அவளுடைய அணித்தோழிகள் இருவர் வந்திருந்தார்கள். ஒருத்தி அணித்தலைவி. நீளப் பாவாடையும் தடித்த கம்பளிக் காலுறையும் போட்டு, நெற்றியில் திருநீற்றை அளவுக்கு அதிகமாகவே பூசியிருந்தார்கள். நான் ஈர வேட்டியோடு நிலத்தில் படுத்தேன். நிலம் ஐயர் சொன்ன அளவுக்குச் சூடாக இல்லை. உருளத் தொடங்கியதும் மகள் எனக்குப் பக்கத்தில் குனிந்து, இரண்டு கையையும் தொடாமல் தாழ்வாக நீட்டிக்கொண்டு கூடவே நடந்தாள். எனக்கு அந்த நிற்பு தெரியும். அவள் சின்னவளாக இருந்தபோது, கம்பிக்குக் கீழே பயிற்சியாளர் அப்படித்தான் கையை நீட்டிக்கொண்டு நிற்பார். பிள்ளை பிசகினால் பிடிக்க.

தூண்கள் வந்தன, போயின. வயது போன ஒருவர் கழற்றிய சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு ஒதுங்கி வழிவிட்டார். பின்வீதியில் முதுகு பிடித்துக்கொண்டது. நின்றுவிட்டேன். அணித்தலைவி குனிந்து என் காதுக்குள், பின்பக்கத்தை இறுக்குங்கள் என்று பிரெஞ்சில் பக்தியோடு சொன்னாள். முருகன் மன்னிக்கவேண்டும், நான் சிரித்துவிட்டேன். சிரித்ததில் முதுகு விட்டது. மிச்சத்தையும் உருண்டு முடித்தேன்.

கொடிமரத்தடியில் நான் நின்றதும் அந்தப் பிள்ளைகள் பழக்கதோசத்தில் குனிந்து உள்ளங்கையால் நிலத்தில் அறைந்தார்கள். அது ஏதோ கும்பிடும் முறை என்று நினைத்த பெண்கள் இரண்டொருவர் தாங்களும் குனிந்து நிலத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். நான் எழும்ப முடியாமல் இருந்தபடியே மூலஸ்தானத்தைப் பார்த்தேன். கம்பியைத் திருப்பித் தந்துவிடு, இதை வைத்துக்கொள் என்றேன். ஏற்றுக்கொண்டாரா என்று சொல்ல ஒரு அடையாளமும் இல்லை. தலை மட்டும் சுற்றியது.

மறுநாள் சாம்பியன்ஷிப். மண்டபம் நிறையச் சனம். மனைவி என் முழங்கையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். மகளின் பெயரைச் சொன்னார்கள். அவள் கையில் வெண்தூளைத் தேய்த்து, ஊதி, கம்பியை அண்ணாந்து பார்த்தாள். பிறகு, ஒருநாளும் செய்யாதபடி, திரும்பிச் சனத்துக்குள் என்னைத் தேடினாள். கண்டுபிடித்ததும் ஏறிவிட்டாள்.

சுழன்றாள். என் கண் மூடப் பார்த்தது. மூடவிடவில்லை. கூரை, மெத்தை, கூரை என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். கையை விட்டாள். அவள் அவ்வளவு உயரம் போவாள் என்று எனக்குத் தெரியாது. இவ்வளவு வருடம் நான் பயந்தது ஒரு நொடிக்குத்தான் என்று நினைத்திருந்தேன். அது நொடி அல்ல. அதற்குள் அவளுடைய முதுகைக் கண்டேன், கழுத்தைக் கண்டேன், பின்னலில் குத்திய ஊசியைக் கண்டேன். விரல்கள் வந்து கம்பியைச் சுற்றி மூடியதையும் கண்டேன்.

இறங்கும்போது ஒரு கால் பின்னால் போனது. புள்ளி குறையும். அணிக்கு அதனால் என்ன இடம் கிடைக்கும் என்று அப்போது தெரியாது, எனக்கு அது வேண்டியும் இருக்கவில்லை. முதலாம் வருடப் பிள்ளையிலிருந்து பயிற்சியாளர் அம்மா வரைக்கும் மெத்தையில் அறைந்துகொண்டிருந்தார்கள். நானும் குனிந்து எனக்கு முன்னால் இருந்த வெறும் கதிரையில் அறைந்தேன். கண்ணை அவளிலிருந்து எடுக்காததில் இரண்டு தரம் குறி தப்பியது.

மகள் நிமிர்ந்து மறுபடியும் என்னைத் தேடினாள். கண் திறந்திருந்ததைப் பார்த்திருக்க வேண்டும். அந்தச் சனத்துக்கு நடுவில் இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பி, உடம்பை மரக்குற்றிபோல விறைப்பாக்கி, நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள். அணி முழுவதும் விழுந்து விழுந்து சிரித்தது. எங்களைச் சுற்றி இருந்தவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை.