தீர்த்தம் பட்ட இறக்கை

சைகோனில் வேலை பார்த்த அப்பா கப்பலில் அனுப்பிய மரப்பெட்டியைத் திறந்ததும் நாங்கள் முதலில் தேடியது ரேடியோவை. பெட்டி மேல் ஒரு படம் ஒட்டியிருந்தது. தொப்பி போட்ட வெள்ளைக்காரர் ஒருவர் கையில் சின்னக் கருவியோடு புல்வெளியில் நிற்பார். தலைக்கு மேலே ஒரு விமானம் வளைந்து அவரை நோக்கித் திரும்பும். ரேடியோவால் இயக்கலாம் என்று கீழே பிரெஞ்சில் கொட்டை எழுத்து. உள்ளே இருந்ததோ கட்டுக்கட்டாக மரக்குச்சிகள், மெல்லிய பலகைகள், ஒரு காகிதச் சுருள், பசைக் குழாய்கள், இரண்டு சக்கரம், உள்ளங்கையில் அடங்குகிற குட்டி எஞ்சின். பெட்டியில் அடைத்திருந்த மரச்சீவலை எல்லாம் முற்றத்தில் கொட்டிக் கிளறினோம். ரேடியோ இல்லை.

தம்பிக்குக் கைவேலை ஓடும், படிப்பு ஓடாது. நான் கன்னியர் பள்ளியில் பிரெஞ்சு படித்தவள். அதனால் விளக்கத்தாள் என் தலையில் விழுந்தது. கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருந்தான்: ரேடியோ தனியாக விற்கப்படும், அதை வைக்க விமானத்தின் வயிற்றில் இடம் விடப்பட்டிருக்கிறது. விருந்துக்குக் கூப்பிட்டு இலையை மட்டும் போட்ட மாதிரி இருந்தது எனக்கு. எங்கோ இருந்துகொண்டு இந்தப் பெட்டியைச் செய்து விற்ற புண்ணியவானை, நெல்லித்தோப்பில் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு நன்றாகத் திட்டினேன். தம்பி சிரித்துக்கொண்டே குச்சிகளை எண்ண ஆரம்பித்துவிட்டான்.

அது விளையாட்டுச் சாமான் இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். முப்பதுகளின் கடைசி அது. தம்பிக்குப் பத்தொன்பது வயது. பிரான்சுக்குப் போய் விமானப் படையில் மெக்கானிக் ஆக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். பிரெஞ்சுக்காரர் ஆண்ட எங்கள் ஊரில், எங்கள் மாதிரிக் குடும்பங்களுக்குக் கப்பல் ஏறுவது புதிதில்லை. ஆனால் அம்மாவின் கல்யாண வாழ்க்கையில் பாதிக்கு மேல் அப்பா சைகோனில்தான் இருந்தார். ஒருத்தரை அனுப்பிவிட்டு உட்கார்ந்திருப்பது போதாதா என்பது அவள் கட்சி. அப்பாவைக் கேட்டால், உங்கம்மா சரியென்றால் எனக்கும் சரி என்று எழுதிக் கழன்றுகொண்டார். கூடவே இந்தப் பெட்டியை வேறு அனுப்பிவைத்தார். எதற்கு அனுப்பினார், தம்பியை ஏற்றிவிடவா, இதை வைத்து ஆசையைத் தீர்த்துக்கொள் என்று அடக்கவா, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அம்மாவுக்கு எதற்கும் ஓர் அடையாளம் வேண்டும். மாடு வாங்குவதானாலும் பெண் கேட்டு வந்தவர்களுக்குப் பதில் சொல்வதானாலும், சர்வேசுரனிடம் இன்னது நடந்தால் சரி, நடக்காவிட்டால் வேண்டாம் என்று பேசி முடித்துவிடுவாள். பெட்டிமேல் இருந்த படத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு தம்பியைக் கூப்பிட்டாள்.

"இந்தப் படத்துல இருக்கிற மாதிரி மேல போயி, நிக்கிற எடத்துக்கே திரும்பி வரணும். வந்தா நீ போ. வரலன்னா அந்தப் பேச்சு இந்த வீட்ல கூடாது."

அவன் உடனே தலையாட்டினான். நான்தான் விடவில்லை. ரேடியோ இல்லாமல் எப்படியடா திரும்பும் என்று கொல்லைப்புறத்தில் வைத்துக் கேட்டேன். அதெல்லாம் பார்த்துக்கலாம் என்றான். எதைப் பார்ப்பான்? அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

சாப்பாட்டு மேஜை விமானத்துக்குப் போயிற்று. நாங்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். நான் பிரெஞ்சில் படித்துத் தமிழில் சொல்ல, அவன் வெட்டி, தேய்த்து, குண்டூசி குத்தி ஒட்டுவான். அந்தப் பிரெஞ்சு பள்ளிக்கூடத்தில் கற்ற பிரெஞ்சே இல்லை. பாட்டும் ஜெபமும் படித்தவளுக்கு விமானத்தின் விலா எலும்புகளின் பெயர் எங்கிருந்து தெரியும்? பாதி வார்த்தைகளை நானாக ஊகித்துச் சொன்னேன். நம்பி ஒட்டினான் பாவம்.

இறக்கைகள் முடிந்த அன்று இரண்டையும் உடம்போடு சேர்த்துப் பிடித்தோம். எங்கேயோ கோணல். ஒன்று முன்பக்கம் பார்க்கிறது, மற்றது பின்பக்கம் பார்க்கிறது. வரைபடத்தில் ஓர் இறக்கையைத்தான் வரைந்திருந்தார்கள். நாங்கள் அதையே இரண்டு தடவை செய்திருக்கிறோம். இரண்டும் இடது கைப்பக்கத்து இறக்கை! அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மா எட்டிப் பார்த்தாள். ரெண்டு காலுக்கும் எடது செருப்பு தச்சிருக்கீங்களே என்றாள். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. தம்பி வரைபடத்தில் தேங்காய் எண்ணெயைத் தடவினான். கோடுகள் மறுபக்கம் தெரிந்தன. தாளைத் திருப்பிப் போட்டு, ஓர் இறக்கையைப் பிரித்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான்.

என் மனசு அந்த நாட்களில் என்ன நினைத்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. காலையில் அவன் பக்கம் நின்று அம்மாவோடு மல்லுக்கு நிற்பேன். ஆம்பளப் புள்ளய முந்தானையில முடிஞ்சு வச்சிக்கப் போறியா என்று கேட்டிருக்கிறேன். சாயங்காலம் அவன் குனிந்து ஊசி குத்திக்கொண்டிருப்பதைப் பார்க்கும்போது, இந்தப் பசை ஒட்டாமல் போனால் என்ன என்று தோன்றும். தோன்றிய கையோடு எனக்கே வெட்கமாக இருக்கும். எழுந்துபோய் அவனுக்குக் காபி போட்டுக் கொடுப்பேன்.

ஒருவழியாக உருவம் வந்தது. இந்த நுனிக்கும் அந்த நுனிக்கும் ஓர் ஆள் படுக்கலாம், அவ்வளவு அகலம். மேலே மெல்லிய காகிதம் ஒட்டி, தண்ணீர் தெளித்து, பலகையில் இறுக்கிப் பிடித்துக் காயவைத்ததும் காகிதம் தம்பட்டம் மாதிரி விறைத்துக்கொண்டது. ஈரம் ஏறாமல் இருக்க அதன்மேல் வார்னிஷ் பூச வேண்டும். கூட வந்த டப்பா கப்பலிலேயே ஒழுகிக் காய்ந்துபோயிருந்தது. கடைத்தெரு வார்னிஷ் கனம் ஏற்றிவிடும் என்று தம்பி பூசாமலே விட்டுவிட்டான்.

பறக்கவிடக் குறித்த நாளுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து அம்மா பங்குச் சாமியாரைக் கையோடு அழைத்து வந்துவிட்டாள். எங்களவர்கள் வீடுகளில் புது வீடோ, புது வண்டியோ, புதுக் கிணறோ, மந்திரித்துத் தீர்த்தம் தெளிக்காமல் எதையும் தொடங்கமாட்டார்கள். விமானத்தை மட்டும் விட்டுவிடுவாளா? வார்னிஷ் இல்லாத காகிதத்தில் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று தம்பிக்குத் தெரியும். சக்கரத்தில் ஒரு சொட்டு விட்டால் போதும் சாமி என்று கெஞ்சினான். சாமியாருக்குத் தாராள மனசு. இத்தனை தூரம் பறக்கப்போற வண்டிக்கு ஒரு சொட்டா என்று சொல்லி, தான் நின்ற இடதுபக்கத்து இறக்கையில் அள்ளி அள்ளித் தெளித்தார். அம்மா கண்ணை மூடி நின்றாள். நானும் சிலுவை போட்டுக்கொண்டேன். சாமியாரின் கையைப் பிடித்தா நிறுத்த முடியும்?

அவர் காபி குடித்துவிட்டுக் கிளம்புவதற்குள் காகிதம் காய்ந்து சுருங்கிவிட்டது. பலகையில் பிடிக்காமல் காய்ந்ததால் கூடவே குச்சிகளையும் இழுத்துவிட்டது. இடது இறக்கையின் நுனி, வெயிலில் வைத்த அப்பளம் மாதிரி முறுக்கிக்கொண்டது. அடுப்பு அனலில் காட்டி நிமிர்த்திப் பார்த்தான். விட்டால் மறுபடி முறுக்கியது. பிரித்து ஒட்டக் காகிதம் மிச்சமில்லை. இனி ஆனது ஆகட்டும் என்றான்.

தேங்காய்த்திட்டு பக்கம் உப்பங்கழியை ஒட்டி ஒரு பொட்டல் இருந்தது. காற்று எழும்பாத விடியற்காலையில் மாட்டுவண்டியில் வைத்துக் கொண்டுபோனோம். அம்மா ஜெபமாலையோடு நடுப்பொட்டலில் நின்றாள். எஞ்சினுக்குக் கொஞ்சமாகப் பெட்ரோல் ஊற்றி, விசிறியைச் சுண்டினான் தம்பி. பல தடவை இருமிவிட்டு ஒருவழியாகப் பிடித்துக்கொண்டது. கையை விட்டான். தரையில் தத்தித் தத்தி ஓடி, சட்டென்று எழும்பிவிட்டது. நாங்கள் ஒட்டிய குச்சியும் காகிதமும் பறக்கிறது!

நேராகக் கழியைப் பார்த்துத்தான் போனது. அவ்வளவுதான், தண்ணீரில் விழப்போகிறது என்று நினைத்தேன். மெதுவாக இடது இறக்கை சரிந்தது. சரிந்தபடியே வளைந்து, காயப்போட்டிருந்த வலைகளுக்கு மேலே சுற்றிக்கொண்டு எங்கள் தலைக்கு மேல் வந்தது. மறுபடி போய் மறுபடி வந்தது. பெட்ரோல் தீர்ந்து சத்தம் நின்றதும், வழுக்கிக்கொண்டே இறங்கி அம்மாவுக்குக் கொஞ்ச தூரத்தில் மூக்கு குத்தி நின்றது.

அம்மா அழுதுகொண்டு சிலுவை போட்டாள். அதோடு முடிந்திருக்க வேண்டிய கதை. என் தம்பிக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"அம்மா, இத நான் திருப்பல. ரேடியோவும் இல்ல, ஒண்ணும் இல்ல. அன்னிக்கித் தீர்த்தம் பட்டு றெக்கை முறுக்கிக்கிச்சி. அதான் சுத்துச்சி. உன்ன ஏமாத்திட்டுப் போவ எனக்கு மனசு வரல."

ஓங்கி ஒன்று அறையலாமா என்றிருந்தது. அடுத்த நிமிஷமே, இப்படியும் ஒரு பிள்ளையா என்று தோன்றியது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு விமானத்தைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள். தீர்த்தம் சர்வேசுரனுடையது, முறுக்கு காகிதத்துடையது. இதில் அடையாளம் எது? அவளுக்கும் குழம்பிவிட்டது. என் பக்கம் திரும்பினாள்.

"நீ சொல்லுடி. படிச்சவ நீ. அது திரும்பி வந்துச்சா, இல்லியா?"

விளக்கத்தாளில் இதற்கு எங்கே விடை தேடுவது? இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் அவன் வீட்டில் இருப்பான், எங்கேயாவது எஞ்சின் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து வாசலுக்குப் போவான். ஆமாம் என்றால் நானும் அம்மாவும் மட்டும்தான் அந்த வீட்டில். கடைத்தெருவில் எல்லோரும் பிரான்சில் சண்டை வரும் சண்டை வரும் என்று பேசிக்கொண்டிருந்த நேரம் வேறு. அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து எஞ்சினில் புகுந்த மண்ணை நகத்தால் நோண்டிக்கொண்டிருந்தான்.

"வந்துச்சும்மா" என்றேன்.

"அப்பப் போவட்டும்" என்று சொல்லிவிட்டு அம்மா வண்டியைப் பார்த்து நடந்தாள்.

அப்பா அம்மாவைக் கை காட்டினார். அம்மா சர்வேசுரனைக் கை காட்டினாள். கடைசியில் அவனைப் போகச் சொன்னது நான். அந்தப் பொட்டலிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகை பொத்துக்கொண்டு வந்தது. தம்பி பயந்துபோய் ஓடி வந்து பக்கத்தில் குந்தினான். நீதானக்கா வந்துச்சின்ன, இப்ப எதுக்கு அழுவற என்று கேட்டான். தெரியலடா என்றேன். எனக்கு நிஜமாகவே தெரியவில்லை.