எங்கள் அடுக்களை வழியாகப் போன ரோடு

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும், பிழைகளும் நிறைய இருக்கும். வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துபோனது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம், பஞ்சர் ஒட்ட வரும் லாரி டயர்களின் மேல் சாக்பீஸால் போடும் வண்டி எண்கள்தான். வாயால் சொல்லிவிடலாம் என்றால், நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது.

சிவப்புச் சாயத்தின் வாடையிலிருந்துதான் எனக்கு எல்லாம் தொடங்குகிறது. மண்ணெண்ணெயும் துருவும் கலந்தது போன்ற அந்த வாடை, அடுப்பில் அம்மா கிண்டிக்கொண்டிருந்த உளுந்தங்களியின் வாசனையை அமுக்கிக்கொண்டு வீடு முழுக்க நின்றது. சங்கிலியும் கல்லுமாக வந்த சர்வேக்காரர்களில் ஒருவர் எங்கள் அடுக்களைச் சுவரில் மேலிருந்து கீழே ஒரு கோடு இழுத்துவிட்டு, தரையிலும் அதே கோட்டைத் தொடர்ந்து கொண்டுபோய் எதிர்ச் சுவரில் ஏற்றினார்.

"ஐயா, இது அடுக்களை" என்றாள் அம்மா.

"தெரியுதும்மா. ரோட்டு ஓரம் இதுலதான் வருது. அங்கன பாருங்க, முள்ளுக்காட்டுல கல்லு நட்டிருக்கம்லா, அது அந்தப் பக்கத்து ஓரம். நடுவுல எல்லாம் ரோடு."

"எப்ப வரும்?"

"வரும்போது வரும்."

அவர் போன பிறகு அம்மா அந்தக் கோட்டைத் தொட்டுப் பார்த்தாள். சாயம் காயாததால் ஐந்து விரலும் சுவரில் பதிந்துவிட்டன.

தூத்துக்குடியின் பழைய ஊர் பழைய துறைமுகத்தை ஒட்டி நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். தெற்கே புதுத் துறைமுகம் வந்த பிறகு ஊரும் மெல்ல அந்தப் பக்கம் சாய ஆரம்பித்தது. சாத்தான்குளத்துக் காட்டில் பிழைப்பில்லாமல் வந்த என் அப்பாவைப் போன்ற "லோடு" தூக்கும் ஆட்கள், ஊருக்கும் உப்பளத்துக்கும் நடுவே கிடந்த உடைமுள் காட்டை வெட்டி ஆளுக்கொரு வீடு கட்டிக்கொண்டார்கள். துறைமுகத்து லாரிகள் கடைத்தெருவுக்குள் நுழையாமல் ஊரைச் சுற்றிப் போவதற்காக யாரோ யோசித்து வரைந்த ரோடு, எங்கள் வரிசை வீடுகளின் பின்பாதி வழியாகப் போனது.

நகராட்சி அலுவலகத்துச் சுவரில் ஊர்ப் படம் மாட்டியிருக்கிறது என்று கேள்விப்பட்டு அப்பா ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வீடுகள் இருக்க வேண்டிய இடம் மஞ்சள், ஆலைகள் வர வேண்டிய இடம் ஊதா, ரோடு பழுப்பு என்று நிறம் நிறமாக இருந்ததாம்.

"அதுல நம்ம வீடு எங்கன இருக்கு?" என்று அம்மா கேட்டாள்.

"வீடு இல்ல. ரோடு இருக்கு."

"நாம இருக்கம்லா?"

அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். இல்லாத ரோடு படத்தில் இருக்கிறது, இருக்கிற நாங்கள் இல்லை என்பது அந்த வயதில் எனக்கு விளங்கவில்லை. ஆனால் அன்று முதல் அடுக்களைக்குள் போகும்போது கோட்டை மிதிக்காமல் தாண்டிப் போவேன்.

கோட்டுக்கு அந்தப் பக்கத்தை நாங்களே "ரோடு" என்று சொல்லப் பழகினோம். அடுப்பு வீட்டில் இருந்தது, அம்மி ரோட்டில் கிடந்தது. பக்கத்து வீட்டுச் சொர்ணம் மதினி சுவருக்கு மேலே தலையை நீட்டி, "ஏளா, நடுரோட்டுல உக்காந்து தொவையல் அரைக்கியே, லாரிக்காரன் ஹார்ன் அடிச்சா காதுல விழுமா?" என்று கேலி பேசுவாள். வரிசையின் கடைசியில் இருந்த பலசரக்குக் கடை அண்ணாச்சி, நாளைக்கு யாவாரம் ரோட்டுப் பக்கம்தான் என்று கணக்குப் போட்டு, கடை வாசலை முள்ளுக்காட்டைப் பார்த்துத் திருப்பி வைத்துவிட்டார். நாலு மிளகாய் வாங்குவதற்குக் காலில் முள் குத்திக்கொண்டு சுற்றிப் போக வேண்டும். "ரோடு வரட்டும்ல, அப்ப தெரியும் இந்த அண்ணாச்சிய" என்பார்.

சிரிப்பெல்லாம் கொஞ்ச காலம்தான். கோட்டுக்கு அந்தப் பக்கம் யாரும் பூசவில்லை, வெள்ளை அடிக்கவில்லை. கல்யாண வீட்டில் பந்தக்கால் நடும்போது ரோட்டை விட்டுத் தள்ளி நட்டார்கள். பிள்ளை பெற்றவளை அந்தப் பக்கம் படுக்க விடவில்லை. யாரும் சொல்லிக் கொடுத்து வந்ததல்ல இது. பகலில் தரை குளிர்ச்சிக்கு நான் அங்கே கண்ணயர்ந்துவிட்டால், "ஏலே, ரோட்டுல படுக்காத, எந்தி" என்று அம்மா எழுப்புகிற குரலில் கேலி இல்லை.

என் தங்கை செல்லக்கனி கோடு போட்ட பிறகு பிறந்தவள். எங்களுக்கு அது சுவரில் போட்ட சாயம், அவளுக்கு அது எப்போதும் இருந்த ரோடு. நடக்க ஆரம்பித்ததிலிருந்தே அடுக்களைக் கோட்டில் நின்று, வலது பக்கம், இடது பக்கம் பார்த்துவிட்டுத்தான் அம்மியிடம் போவாள். சில நேரம் போகாமலே நின்றுகொண்டு, அரைக்கிற அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுப்பாள். "லாரி வருதும்மா, எந்தி." பிள்ளை விளையாட்டு என்றுதான் முதலில் நினைத்தோம். ஆனால் விளையாடுகிற பிள்ளையின் கண் நம்மைப் பார்க்கும். இவள் கண், சுவரில் தொடங்கி எதிர்ச் சுவர்வரை எதையோ தொடர்ந்து போய்த் திரும்பும். கொஞ்ச நாளில் அம்மா எழுந்து வழிவிட ஆரம்பித்தாள்.

ஒரு பங்குனி மாதத்து மத்தியானம் கனியைக் காணவில்லை. அவள் பின்னாலேயே திரியும் ஆட்டுக்குட்டியையும் காணவில்லை. வீட்டுக் கிணற்றில் பார்த்தார்கள், கடைப்பக்கம் பார்த்தார்கள். அம்மா தலைமுடி அவிழ்ந்தது தெரியாமல் வீடு வீடாக ஓடினாள். உப்பளத்தில் உப்புநீர் தேக்குகிற குழிகள் உண்டு. கரைச் சேறு வழுக்கும், விழுந்தால் பெரிய ஆளே ஏறுவது கஷ்டம். அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை, ஆனால் எல்லாருடைய முகத்திலும் அது இருந்தது.

எனக்கு மட்டும் சிவப்புக் குறிதான் நினைவுக்கு வந்தது. எங்கள் அடுக்களையிலிருந்து சொர்ணம் மதினியின் மாட்டுக் கொட்டகைச் சுவர், அங்கிருந்து அண்ணாச்சிக் கடையின் தூண், பிறகு முள்ளுக்காட்டில் ஒவ்வொரு கல்லாக, குறி பார்த்துக்கொண்டே ஓடினேன். அம்மா பின்னால் வந்தாள். உப்பளத்துக் கரையில் கடைசிக் கல்லின் பக்கத்தில், ஒரு கையை முன்னால் நீட்டி உள்ளங்கையைக் காட்டியபடி, வெயிலில் முகம் கன்றிப்போய்க் கனி நின்றாள்.

"ஏளா, இங்கன என்ன செய்யுத?" என்று கேட்டேன்.

"கடக்கதுக்கு நிக்கேன். லாரி வந்துக்கிட்டே இருக்கு. விட மாட்டேங்கு."

"குட்டி எங்க போச்சுளா?"

"அது பாக்காம ஓடிட்டு. லாரி அடிச்சிட்டு."

அவள் கால் விரலுக்கு முன்னால் தரை இல்லை. கரை இறங்கி நேராகக் குழிதான். உப்புநீர் எதையும் லேசில் மூழ்க விடாது. குட்டி பக்கவாட்டில் சாய்ந்து, கால்கள் விறைத்து, அசையாத தண்ணீரின் மேல் கிடந்தது. ஓரடி எடுத்து வைத்திருந்தால் அவளும் அங்கேதான் கிடந்திருப்பாள். அவளை நிறுத்தி வைத்தது அந்த லாரிகள்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. அது காற்றே இல்லாத நேரம். உடைமரத்தில் ஒரு இலை அசையவில்லை. அவள் கவுனின் ஓரம் மட்டும், பெரிய வண்டி ஒன்று பக்கத்தில் கடந்து போனால் அடிக்குமே அதுபோல, விட்டுவிட்டு அசைந்தது. அம்மாவும் அதைப் பார்த்திருக்க வேண்டும். ஓடி வந்தவள் பிள்ளையை வெடுக்கென்று இழுக்காமல், பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கையை இறக்கும்வரை காத்திருந்தாள். கனி கையை இறக்கி, "இப்ப போவம்மா" என்று சொன்ன பிறகுதான் தூக்கினாள்.

அன்று சாயங்காலமே அடுக்களையை இடிக்க வேண்டும் என்று அம்மா பிடிவாதமாக நின்றாள்.

"ரோடே வரல்ல, அதுக்குள்ள வீட்ட இடிக்கச் சொல்லுத" என்றார் அப்பா.

"உங்களுக்கு வரல்ல. அவளுக்கு வந்துட்டு. அதோட எடத்த அதுக்கு விட்டிருவோம்."

அப்பா கடப்பாரையை எடுத்தார். கோடு வரைக்கும் இடித்து, கோட்டின் மேல் புதுச் சுவர் எழுப்பினோம். வாசல் வைக்கவில்லை. விஷயம் பரவி, அடுத்தடுத்து மற்ற வீட்டுக்காரர்களும் தாங்களாகவே பின்பாதியை இடித்தார்கள். அண்ணாச்சி மட்டும் வாசலை மறுபடி தெருப்பக்கம் திருப்பிக்கொண்டு, யார் கேட்டாலும் வேறு பேச்சுக்குப் போய்விடுவார். பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் கனி லாரிகளை மறந்துபோனாள்.

ரோடு வரவே இல்லை. அது வெகுதூரம் மேற்கே தள்ளி வேறு வழியாகப் போனது. அதன் ஓரத்தில்தான் என் பஞ்சர் கடை இருக்கிறது. எங்கள் வீடுகளுக்குப் பின்னால் ரோட்டு அகலத்துக்கு ஒரு வெற்றிடம் இத்தனை வருஷமும் அப்படியே கிடந்தது. சுற்றிலும் ஊர் வளர்ந்து, உப்பளம் மனையாகி, மாடி வீடுகள் எழும்பியும், யாரும் அதில் ஒரு கழி நடவில்லை. இப்போது அந்த ரோட்டைப் படத்திலிருந்தே எடுத்துவிட்டார்களாம். கல்லையெல்லாம் பிடுங்கிவிட்டு, கலர் கொடி கட்டி மனை பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். ஆட்டுக்குட்டி கிடந்த அந்தக் குழியைக் கட்டட இடிசலால் மூடி மேவிவிட்டார்கள். அதன் மேல் வருவது மூலை மனை.

கட்டிக்கொடுத்த ஊரிலிருந்து போன வாரம் கனி வந்திருந்தாள். மனை பிரிப்பதைப் பார்க்க இரண்டு பேரும் போனோம். அவள் போனில் பேசிக்கொண்டே இடதும் பாராமல் வலதும் பாராமல் வெற்றிடத்தைக் கடந்து, அந்தப் பக்கம் போய்த் திரும்பி, "என்ன அண்ணே, யாருக்கு நிக்க? ஒண்ணும் வரல்லியே" என்று சிரித்தாள்.

"நீ போளா, நான் வாரேன்" என்றேன். கொஞ்சம் பொறுத்துத்தான் கடந்தேன்.

அங்கே வீடு கட்டிக் குடிவரப் போகிறவர்கள் யார் என்று எனக்குத் தெரியாது. முகம் பார்த்துச் சொல்ல என்னால் ஆகாது என்பதால் எழுதுகிறேன். உங்கள் பிள்ளை நடக்கப் பழகி, கூடத்தின் நடுவில் ஒருநாள் காரணம் இல்லாமல் நின்று, கையை முன்னால் நீட்டி இரண்டு பக்கமும் பார்த்தால், கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். அது கையை இறக்கும்வரை பொறுத்திருங்கள்.

எழுதி முடித்தது: புரட்டாசி பத்து, ஞாயிற்றுக்கிழமை.