வெயிலில் காட்டிய படம்

முதலில் வெறுத்தது சளியைத்தான். தாம்பரத்தில் புடவைக்கு ஏற்ற ரவிக்கைத் துணி எடுத்துக் கொடுக்கும் மேட்சிங் சென்டர் என்னுடையது. கல்லாவுக்கு அடியில் ஒரு மூடி போட்ட டப்பா வைத்திருந்தேன். வாடிக்கையாளர் அசந்த நேரத்தில் அதில் துப்புவேன். ஒருநாள் அதில் ரத்தம் தெரிந்தது. என் கணவர் அன்றே நெஞ்சுநோய் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார்.

காசநோய். கை நிறைய மாத்திரைகள். அதில் ரிஃபாம்பிசின் (கிருமியைக் கொல்லும் மருந்து) சிறுநீரை ஆரஞ்சாக்கும், பயப்படாதீர்கள் என்றார் டாக்டர். எனக்குப் பயமில்லை, அருவருப்புதான். அடச்சீ, கல்யாண வீட்டில் தரும் ஆரஞ்சு ஜூஸேதான்! கண்ணை மூடிக்கொண்டு தண்ணீர் ஊற்றுவேன்.

டாக்டரின் காத்திருப்பு அறையில் ஒரு படம் மாட்டியிருந்தது. மேலிருந்து கீழே சிவப்பும் பச்சையுமாகக் கோடுகள், இடையிடையே மஞ்சள். பச்சை எல்லாம் ஒரே பச்சைதான். ஆனால் சிவப்புக்குப் பக்கத்தில் எரிந்தது, மஞ்சளுக்குப் பக்கத்தில் நீலம் தட்டியது. பக்கத்தில் இருக்கும் துணி மாறினால் இந்தத் துணியின் நிறமும் மாறும் என்பது என் தொழிலில் அன்றாடம் பார்ப்பதுதான். இருந்தாலும் மாத்திரை கரையும் வயிற்றோடு அதைப் பார்த்தால் குமட்டிக்கொண்டு வரும். டாக்டரின் மகள் வரைந்ததாம். வேறு வேலை இல்லையா அந்தப் பெண்ணுக்கு என்று திட்டுவேன்.

சில மாதம் கழித்துச் சிறுநீரின் ஆரஞ்சு மங்கியது. நோய் கழன்றுகொண்டது என்று பூரித்துப்போய்க் கறி எடுத்துச் சமைத்தேன். கறி சேறு மாதிரி இருந்தது. தக்காளி அழுகினது போலத் தெரிந்தது. கண்ணாடியில் என் நாக்கைப் பார்த்து வாந்தி எடுத்தேன்.

அந்த வாரம் ஒரு பெண் இலைப்பச்சைப் புடவை கொண்டுவந்தாள். துணி எடுத்துக் கொடுத்தேன்.

"இன்னாக்கா விளையாடறியா? பச்சைக்குச் செங்கல் கலரைக் குடுக்கற!"

"கான்ட்ராஸ்ட்மா, இப்ப அதுதான் ஃபேஷன்" என்று சமாளித்தேன். கண் போனால் கடை போச்சு.

அடுத்த முறை டாக்டரிடம் போனபோது அந்தப் படத்தில் மங்கிய மஞ்சளைத் தவிர வேறு கோடே இல்லை.

"படத்தை மாத்திட்டாங்களா?"

"அதேதான்மா. சிவப்பும் பச்சையும் பளிச்சுன்னு இருக்கே" என்றார் என் கணவர்.

"டியூப் லைட்டு ஏமாத்துதுங்க. வெளிய எடுத்துட்டு வாங்க."

எங்கள் கடை வழக்கம் அது. வெயிலில் பார்க்காமல் எந்த நிறத்துக்கும் முடிவு சொல்ல மாட்டோம். அவரும் பழக்க தோஷத்தில் படத்தை ஆணியிலிருந்து கழற்றிவிட்டார். நர்ஸ் கத்திக்கொண்டே பின்னால் வந்தாள். பட்டப்பகல் வெயில், நடைபாதையில் படம். சிவப்பும் பச்சையும் ஒன்றுக்கொன்று அச்சு அசல் மேட்ச். சாக்கடை நிறம். அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

டாக்டர் வெளியே வந்தார். திட்டவில்லை. நான் விழுங்கும் மாத்திரைகளில் எதாம்பியூட்டால் (கிருமியைப் பெருகவிடாத மாத்திரை) சிலருக்குப் பார்வை நரம்பைத் தாக்கும், சிவப்பும் பச்சையும்தான் முதலில் போகும் என்றார். அதை அன்றே நிறுத்தினார்.

"திரும்பி வருமா டாக்டர்?"

"பெரும்பாலும் வரும்மா. சத்தியம் பண்ண முடியாது."

இதே மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நிறம் மங்கினால் உடனே டாக்டரிடம் ஓடுங்கள். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள்.

கடையில் என் கணவர் உட்கார்ந்தார். அவருக்கு மெரூனும் அரக்கும் ஒன்று. வந்தவர்கள் சிரித்துவிட்டுப் போனார்கள். நான் காலண்டர் பார்ப்பதை விட்டுவிட்டேன். ஆரஞ்சாக்கும் ரிஃபாம்பிசின் தொடர்ந்ததால், கழிப்பறைதான் எனக்குக் காலண்டர். எதைப் பார்க்கக் கூடாதென்று கண்ணை மூடினேனோ, அதைத் தினமும் குனிந்து பார்த்தேன். சேறு. மறுநாளும் சேறு.

ஒரு காலை, "என்னங்க!" என்று அலறினேன். விழுந்துவிட்டேன் என்று நினைத்து ஓடிவந்தார்.

"ஆரஞ்சுங்க! ஆரஞ்சு!"

அவரும் குனிந்து பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு வாளியைத் தூக்கினார்.

"இருங்க, தண்ணி ஊத்தாதீங்க" என்றேன். "இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கறேன்."