ஐந்து வகுப்புக்கு ஒரு டீச்சர்

கலைத்திட்டம், பாடத்திட்டம், பாடநூல் மூன்றுக்கும் உள்ள வேறுபாட்டை உறக்கத்திலும் சொல்வேன். அதற்குத்தான் அரசு எனக்குச் சம்பளம் கொடுத்தது. ஓய்வுபெறும் ஆண்டில், சேந்தமங்கலம் பக்கம் ஓர் ஓராசிரியர் பள்ளியைப் பார்வையிடப் போனேன். டீச்சர் ஒல்லியானவர். பேசும்போதும் கை யாருடைய பென்சிலையாவது சீவிக்கொண்டிருக்கும். ஐந்து வகுப்புப் பிள்ளைகளும் வட்டமாக உட்கார்ந்து ஒரு பூசணிக்காயை எடைபோட்டார்கள். சுவரில் நான் தயாரித்த கால அட்டவணை.

"பத்து மணிக்கு மூன்றாம் வகுப்புக்கு அறிவியல், நான்காம் வகுப்புக்கு ஆங்கிலம். எதுவும் நடக்கவில்லையே? மெமோ வரும்."

"ஏனுங்கய்யா, ஒரே நேரத்துல அஞ்சு பாடம் போட்டிருக்கீங்க. நா ஒருத்திதானுங்க இருக்கேன். இந்த ஒரு பீரியடு நீங்க நடத்திக் காட்டுங்க, பாத்துக்கறேன்."

சாக்பீஸை வாங்கினேன். பத்தே நிமிடத்தில் ஒன்றாம் வகுப்பு அழுதது. ஐந்தாம் வகுப்பு வேலிக்கு அந்தப் பக்கம் நின்றது.

"போதுங்கய்யா, பாவம்" என்றார் டீச்சர். பாவம் யாரென்று சொல்லவில்லை.

பார்வைப் புத்தகத்தில், 'கால அட்டவணை முறையாகப் பின்பற்றப்படுகிறது' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். பொய் எழுதுவது இவ்வளவு சுலபம் என்று முன்பே தெரிந்திருந்தால், பணிக்காலம் முழுவதும் உண்மையை எழுதி அத்தனை பேரைப் படுத்தியிருக்க மாட்டேன்.