ரோஸிலி சேச்சியின் பட்டியல்

காக்கநாட்டில் அந்தக் கம்பெனியில் சேருகிற எவருக்கும் முதல் நாளே காதில் போடுவது ஒன்று உண்டு. மேனேஜரிடம் வேண்டுமானால் வாய் கொடுக்கலாம், ரோஸிலி சேச்சிக்குத் தெரியாமல் ஒரு மவுஸைக்கூட இடம் மாற்றி வைக்கக் கூடாது.

ரோஸிலி வைப்பின் தீவிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். நாற்பத்தொன்பது வயது. பதினாறு வருஷத்துக்கு முன்னால் வாசல் மேஜையில் உட்கார்ந்து வருகிறவர்களுக்கு வணக்கம் சொல்லத்தான் சேர்ந்தாள். ஒருநாள் மூன்று புது லேப்டாப் பெட்டிகளை அவள் காலடியில் தள்ளிவிட்டுப் போனார்கள். "இதெல்லாம் யாரோடது?" என்று கேட்டாள். ஒருவருக்கும் தெரியவில்லை. கேட்ட பாவத்துக்கு அந்த வேலையை அவள் தலையிலேயே கட்டினார்கள்.

இப்போது ஆயிரத்து இருநூறு சொச்சம் சாமான்கள் அவள் பட்டியலில் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஸ்டிக்கரில் ஒரு நம்பர், யார் கையில் இருக்கிறது, என்ன நிலையில் இருக்கிறது என்ற விவரம். புதிது, ஓடுகிறது, பழுது, அலமாரியில், தொலைந்தது, கழித்தது. பெட்டியைப் பிரித்த நாளிலிருந்து பழைய சாமான்காரன் வண்டியில் ஏறும் நாள் வரை எல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஒரு தடவை மூன்றாம் மாடி பிரிண்டர் தங்களுடையது இல்லையென்று எல்லாப் பிரிவும் கைவிரித்தன. 'அநாதை. வெள்ளிக்கிழமை கழிவுக்கு' என்று எழுதி அதன் நெற்றியில் ஒட்டினாள். மத்தியானத்துக்குள் மூன்று பேர் உரிமை கொண்டாடி ஓடிவந்தார்கள். மூன்று பேரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் விட்டாள்.

அந்த ஜூன் மாதம், பழைய லேப்டாப்புகளின் கணக்கை மாதக் கடைசிக்குள் நேர் செய்யச் சொல்லித் தலைமை அலுவலகம் எழுதியிருந்தது. எல்லாம் நேராகிவிட்டது, 417-ஆம் நம்பரைத் தவிர. அது விஜயமோகன் உண்ணித்தான் பெயரில் இருந்தது. கொச்சி அலுவலகத்துக்கே தலைவர் அவர். புதிது வாங்கி இரண்டு வருஷமாகியும் பழையது திரும்பி வரவில்லை.

ரோஸிலி அவர் அறைக்குப் போனாள்.

"சாரே, அந்தப் பழைய லேப்டாப்..."

"அதைக் கழிச்சாச்சுன்னு போட்டுடு ரோஸிலி."

"கழிக்கணும்னா உள்ளே இருக்கிற டிஸ்கை உடைச்ச சர்ட்டிபிகேட் வேணும் சாரே."

"அப்போ அலமாரியில இருக்குன்னு போடு."

"அலமாரி சாவி என்கிட்டதானே இருக்கு."

உண்ணித்தானுக்குக் காது சிவந்தது. "தொலைஞ்சு போச்சு, போதுமா? தொலைஞ்சதுன்னு எழுதிட்டு ஆளை விடு."

"நிஜமாவே தொலைஞ்சுதா சாரே? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"நான் என்ன பொய்யா சொல்றேன்?"

"ஐயோ, அப்படிச் சொல்லுவேனா! ரெண்டு வரி மெயில்ல போட்டுட்டீங்கன்னா எனக்கும் நிம்மதி."

போட்டார். 'எங்கே தொலைந்தது என்று நினைவில்லை' என்று கூடுதலாக ஒரு வரியும் சேர்த்தார்.

அந்த லேப்டாப் தினமும் சாயங்காலம் ஆறரை மணிக்குத் திருப்பூணித்துறையில் ஒரு வீட்டு இணையத்தில் உயிர் பெறுவதைப் பட்டியல் மென்பொருள் காட்டிக்கொண்டிருந்ததால் ரோஸிலிக்குத் தெரியும். சீட்டுக்கு வந்து, ஒரு பழம்பொரியைத் தின்று முடித்து, கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு, 417-க்கு நேரே 'தொலைந்தது' என்று மாற்றினாள். மற்றதை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். தொலைந்த லேப்டாப்பை யார் திறந்தாலும் திரை பூட்டிக்கொள்ளும். 'இது தொலைந்த பொருள். கண்டெடுத்தவர் தயவுசெய்து இந்த எண்ணில் அழைக்கவும்' என்று மலையாளத்தில் வரும். கீழே ரோஸிலியின் நம்பர்.

ஆறு முப்பத்தைந்துக்கு அவள் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோது போன் வந்தது.

"மோளே, உங்க கம்ப்யூட்டர் ஒண்ணு தொலைஞ்சு போச்சா?" வயதான பெண் குரல். "அது எங்க வீட்டுல இருக்கு! சீரியல் பார்க்கலாம்னு திறந்தேன், இப்படி எழுதி வந்துடுச்சு."

"அம்மா யாரு?"

"பங்கஜாக்ஷி. மருமகன் வீட்டுல இருக்கேன். அவர்தான் கொண்டாந்து கொடுத்தார். பாவம், அடுத்தவங்க பொருள்னு அவருக்குத் தெரியாது போல. யாரோ அவரை ஏமாத்தி வித்திருக்காங்க."

ரோஸிலி துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டாள். பக்கத்து சீட்டுக்காரி இவள் அழுகிறாள் என்று நினைத்துத் தோளைத் தட்டிக் கொடுத்தாள்.

"நான் முப்பத்தொரு வருஷம் தபாலாபீஸ்ல இருந்தவ மோளே. அடுத்தவங்க பொருள் ஒரு ராத்திரி கூட என்கிட்ட தங்கினதில்லை. இதைத் தெரியாம ரெண்டு வருஷம் வச்சிருந்துட்டேனே! காலையில நானே கொண்டு வரேன், விலாசம் சொல்லு."

ரோஸிலிக்கு ஒரு கணம் மனசு உறுத்தியது. உள்ளதைச் சொல்லிவிடலாமா என்று நினைத்தாள். அப்புறம் விலாசத்தைச் சொன்னாள், வழியும் சேர்த்து.

மறுநாள் பத்தரை மணிக்கு, கொட்டுகிற மழையில், ஒரு ஆட்டோ வந்து நின்றது. கரை போட்ட முண்டு உடுத்த அம்மா ஒருத்தி, பழைய தலையணை உறையில் சுற்றிய சாமானை மார்போடு அணைத்தபடி இறங்கினாள். ரோஸிலி சுற்றைப் பிரித்து ஸ்டிக்கரைப் பார்த்தாள். 417. அந்த நேரம் பார்த்து லிஃப்ட் திறந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து வந்த இரண்டு பேருடன் உண்ணித்தான் வெளியே வந்தார்.

"அம்மா! இங்கே எங்கே?"

"அடடே, விஜயா, நீ இங்கேயா வேலை பார்க்குறே? ஏதோ பெரிய கம்பெனின்னுதானே சொன்னே!" பங்கஜாக்ஷியம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "இவங்க கம்ப்யூட்டர் தொலைஞ்சு போச்சாம். நம்ம வீட்டுல இருந்துச்சு. திருப்பிக் கொடுக்க வந்தேன். உனக்கு வித்தவன் யாருன்னு இவங்ககிட்ட சொல்லிடு, பிடிச்சுடுவாங்க."

வந்திருந்த இரண்டு பேரும் கூரையில் ஏதோ எழுதியிருப்பதுபோல் அண்ணாந்து பார்த்தார்கள்.

"சாரே, கிடைச்சுடுச்சு!" என்றாள் ரோஸிலி, வாயெல்லாம் பல்லாக. 'தொலைந்தது' என்பதை அழித்து 'கிடைத்தது' என்று போட்டாள். கண்டெடுத்தவர்: பங்கஜாக்ஷியம்மா. கண்டெடுத்த இடம் என்ற கட்டத்தில் உண்ணித்தானின் வீட்டு விலாசத்தைப் பின்கோடு உட்பட எழுதினாள்.

தொலைந்த பொருளைக் கொண்டு வந்து கொடுப்பவருக்கு அலுவலகத் தலைவர் நன்றிக் கடிதம் எழுத வேண்டும் என்று விதி இருக்கிறது. மத்தியானம் ரோஸிலியே அதை அடித்து எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனாள். 'தங்கள் நேர்மை எங்கள் ஊழியர்களுக்கு ஒரு பாடம்' என்று மூன்றாவது வரியில் இருந்தது. உண்ணித்தான் அதை இரண்டு தரம் படித்தார்.

"இந்த வரி வேணுமா?"

"எல்லாருக்கும் அனுப்புற கடிதம் சாரே, நான் ஒண்ணும் சேர்க்கலை."

கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, அவளை நிமிர்ந்து பார்க்காமலே, "உனக்கு முன்னாடியே தெரியும், இல்ல?" என்று கேட்டார்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்கன்னு கேட்டேனே சாரே."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மீசைக்குள் அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

அந்த வாரமே மாமியாருக்குப் புது டேப்லெட் வாங்கிக் கொடுத்தாராம். பங்கஜாக்ஷியம்மா அதன் பில்லைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்திய பிறகுதான் தொட்டாளாம். ஆளில்லாத நேரம் பார்த்து ரோஸிலிக்கு போன் செய்து அவளே சொன்னது இது. சொல்லிவிட்டு, "ஏன் மோளே, இந்த வீட்டுல வேற ஏதாவது உங்களுது இருக்கான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்று கேட்டாள். பின்பக்கம் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும் என்று ரோஸிலி சொல்லிக் கொடுத்தாள். திங்கட்கிழமை உண்ணித்தான் இரண்டு ஹெட்போனும் ஒரு கீபோர்டும் கொண்டு வந்து அவள் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.